நடுவில் பள்ளமில்லாத வட்டங்கள்

ஜூலை 3

இன்று நான் சொல்லாமல் விட்டது: இரண்டு ட்யூப்களிலும் இருந்தது ஒரே பாட்டிலின் உப்புத் தண்ணீர்தான்.

இரண்டாமாண்டு மாணவிகளுக்குச் செய்முறை வகுப்பு. ஒரு செல்லின் வடிவத்தை எது தாங்கிப் பிடிக்கிறது என்பது பாடம். தாவரவியல் ஆய்வகத்திலிருந்து நானும் விலங்கியலிலிருந்து பியூலாவும் சேர்ந்து எடுக்கும் வகுப்பு வருடத்தில் இது ஒன்றுதான். முதலில் வெங்காயத் தோல். நல்ல தண்ணீரில் போட்டால் செல் நீரைக் குடித்துப் புடைக்கிறது, ஆனால் உடைவதில்லை. வெளியே சுவர் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் போட்டால் உள்ளே இருப்பது சுருங்கி ஒரு மூலையில் ஒதுங்கிக்கொள்கிறது. அப்போதும் சுவர் அப்படியே நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிறகு ரத்தம். அதற்குச் சுவர் கிடையாது. நல்ல தண்ணீரில் போட்டால் சிவப்பணுக்கள் ஊதி வெடித்து, ட்யூப் சர்பத் போலத் தெளிந்துவிடும். சரியான உப்பில் அவை முழுசாக இருக்கும், அதனால் கலங்கலாகத் தெரியும். பின்னால் செய்தித்தாளைப் பிடித்தால் எழுத்து தெரியாது. இரண்டுக்கும் நடுவே, கொஞ்சம் உப்புக் குறைந்த தண்ணீரிலும் அவை தாக்குப்பிடிக்கும் என்று காட்ட வேண்டும். பியூலா தன் விரலைக் குத்தி அந்தத் தண்ணீர் இருந்த ஒரு ட்யூபில் ஒரு சொட்டு விட்டாள். நான் வேறு ஊசியில் என் விரலைக் குத்தி இன்னொரு ட்யூபில் விட்டேன்.

மதியம் பார்த்தபோது பியூலாவின் ட்யூப் கலங்கலாக இருந்தது. என்னுடையது தெளிந்திருந்தது. பின்னால் பிடித்த தாளில் ஒரு நகைக்கடை விளம்பரம் முழுதாகப் படிக்க முடிந்தது.

"மிஸ், உங்க ரத்தம் மட்டும் ஏன் கரைஞ்சிருச்சு?" என்று மகராசி கேட்டாள். எப்போதும் அவள்தான் கேட்பாள்.

"கரைசல் தப்பா கலந்துட்டேன்" என்றேன்.

முப்பது பேரும் குனிந்து ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதிக்கொண்டார்கள்: பிழைக்குக் காரணம், கரைசல் தவறாகத் தயாரிக்கப்பட்டது.

ஜூலை 4

சாரல். குற்றாலத்து மலை இன்று இல்லை. ஜன்னலில் அது இருந்த இடத்தில் வெள்ளை மட்டும்.

ஜூலை 6

எல்லோரும் போன பிறகு ஆய்வகத்தில் கொஞ்சம் இருந்தேன். வகுப்பன்று கண்ணாடிச் சில்லில் தடவி வைத்த இரண்டு சொட்டுகளுக்கும் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன்.

பியூலாவின் செல்கள் புத்தகத்தில் உள்ளபடியே இருந்தன. பிசைந்த மாவு உருண்டையை இரண்டு பக்கமும் விரலால் அழுத்தினால் வரும் வடிவம். நடுவில் பள்ளம், அதனால் நடுவில் வெளுப்பு. எல்லாம் சாவகாசமாக மிதப்பது போலிருந்தன.

என் செல்களில் பல சிறியவை. அடர்ந்த சிவப்பு. நடுவில் வெளுப்பே இல்லை. குன்றிமணிகளைக் கொட்டிவைத்தது போல.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாக இல்லை. அழகாக இருந்தன என்பதுதான் உண்மை. வட்டமான ஒரு பொருளுக்கு எந்தப் பக்கமும் இல்லை, அதை எங்கேயும் பிடிக்க முடியாது என்றெல்லாம் தோன்றிக்கொண்டிருந்தது. ஜன்னலில் சாரல் விழும் சத்தம். உடம்புக்குள்ளே இவை இத்தனை வருடமாக உருண்டுகொண்டிருந்திருக்கின்றன. நான் பஸ்ஸில் போயிருக்கிறேன், நாவல் படித்திருக்கிறேன், அப்போதும் உருண்டிருக்கின்றன.

மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது. சீசன் ஈரம்.

ஜூலை 8

தங்கை உலகம்மைக்கு முகூர்த்தப் புடவை எடுத்தோம். மாம்பழ நிறம், கரை பச்சை. உலகு மூன்று கடை ஏறி இறங்கிவிட்டு முதல் கடைக்கே திரும்பினாள். அம்மா சத்துணவுக்கூடத்தில் ஒரு நாள் லீவு போட்டிருந்தாள், அந்த எரிச்சல் வேறு.

வீட்டுக்கு வந்ததும் அச்சகத்திலிருந்து கல்யாணப் பத்திரிகையின் மாதிரி வந்திருந்தது. கோமதிநாயகம் – வடிவு தம்பதியரின் இளைய குமாரத்தி என்று ஆரம்பம். ஆவணி மாதம் முகூர்த்தம். மாப்பிள்ளை திருமலைக்கொழுந்துக்குக் கடையநல்லூர்.

"உங்க அப்பா பேரு இருக்கட்டும்" என்றாள் அம்மா. "ஆளு வேண்டாம். அருணாசலம் மாமாவும் அத்தையும் மணையில உக்காந்து தாரை வாத்துக் குடுக்கட்டும்."

"மாப்பிள்ளை வீட்ல கேட்டா?" என்றேன்.

"கேட்டாச்சு, சொல்லியாச்சு. அவுகளுக்கு மேலுக்கு முடியல, அலையக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருன்னு."

உலகு புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே புடவையை மூன்று தடவை மடித்தாள்.

இந்த வீட்டில் பேசாத விஷயம் இது. ஒரு தடவை எழுதிவைக்கிறேன். அப்பா தனியார் பஸ் ஓட்டினார். கண் எப்போதும் மஞ்சளாக இருக்கும். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் கடையம் தாண்டி பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி, ரோட்டோரம் வாந்தி எடுத்து விழுந்துகிடந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் அவர் கண்ணைப் பார்த்தார்கள். முதலாளி வேலையிலிருந்து நிறுத்தினார். ஒரு டாக்டரும் குடியை விடச் சொன்னார். அப்பா குடிக்கவே இல்லை என்றார். அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு தென்காசிக்கு வந்துவிட்டாள். அப்பா இப்போது அம்பாசமுத்திரத்தில் ஒரு ரைஸ் மில்லில் நெல் காயும் களத்தைப் பார்த்துக்கொள்கிறார். தீபாவளிக்கு எங்களுக்குத் துணி அனுப்புவார். அளவு எப்போதும் பழைய அளவாக இருக்கும்.

ஜூலை 10

முப்பது ரெக்கார்டு நோட்டுகள் கையெழுத்துக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் அந்த வரி. எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன்.

வலது விலாவுக்குக் கீழே ஒரு பிடிப்பு. வாயு. சீரகத் தண்ணீர் குடித்தேன்.

ஜூலை 13

கல்லூரி விட்டு பியூலாவும் நானும் சிற்றாற்றுப் பாலம் வழியாக நடந்தோம். சாரல் விட்டு ஒரு நிமிடம் வெயில் அடித்தது. அந்த வெயிலில் பியூலா நின்றுவிட்டாள்.

"குழலி, இங்க திரும்பு."

"என்னப்பா?"

"உன் கண்ணு ஏன் மாம்பழப் புடவைக்கு மேட்ச்சா இருக்கு?"

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். பாலத்தில் போன ஒரு சைக்கிள்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

"அந்த ட்யூப். நீ கரைசல் தப்பா கலக்கல, அப்படித்தான?"

"கலந்திருப்பேன்."

"நீயா? காப்பியில சீனி போடக்கூட தராசு தேடுறவ நீ. சனிக்கிழமை திருநெல்வேலி போறோம். எங்க அக்கா பிரண்டு ஒரு டாக்டர் இருக்காங்க. வரமாட்டேன்னு சொன்னா உங்க அம்மாட்ட நேரா வந்து சொல்லிடுவேன்."

"கல்யாண வேலை இருக்கு."

"உனக்கா கல்யாணம்? வாய மூடிட்டு வா."

ஜூலை 17

பெண் டாக்டர். மெதுவாகப் பேசினார். வயிற்றில் இடது பக்கம் அழுத்திப் பார்த்து, மண்ணீரல் பெரிதாகியிருக்கிறது என்றார். ஸ்கேனில் பித்தப்பையில் சின்னச் சின்னக் கற்கள். ரத்தத்தைப் பார்த்துவிட்டு என்னையே கேட்டார்: "நீங்க செல் பாடம் நடத்துறவங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

தெரியும் என்று சொல்லவில்லை.

அவர் சொன்னதை எழுதிவைக்கிறேன். சிவப்பணுவுக்குச் சுவர் இல்லை, ஆனால் சவ்வுக்கு உள்பக்கம் ஒரு வலை உண்டு. அந்த வலைதான் சவ்வைப் பிடித்து இழுத்து, நடுவில் பள்ளமுள்ள தட்டாக வைத்திருக்கிறது. எனக்கு அந்த வலையின் முடிச்சுகள் தளர்வு. சவ்வு துளித்துளியாக உதிர்ந்துபோகிறது. உள்ளே இருப்பது அதே அளவு, மூடுகிற தோல் மட்டும் குறைவு. குறைந்த தோலில் ஒன்றை மூட வேண்டுமானால் அது உருண்டையாகத்தான் ஆக வேண்டும். தட்டாக இருப்பது வளைந்து நெளிந்து மண்ணீரலின் சந்துகளில் புகுந்து வந்துவிடும். உருண்டை மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்டதை மண்ணீரல் உடைத்துவிடும். உடைந்ததிலிருந்து வருவதுதான் அந்த மஞ்சள். கற்களும் அதிலிருந்துதான்.

"பிறவியிலேயே வர்றது. பெரும்பாலும் அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இருக்கும். கூடப்பிறந்தவங்களுக்கும் வரலாம், வராமலும் போகலாம். வீட்ல யாருக்காவது கண் மஞ்சளா இருக்குமா? கல் அடைச்சு வாந்தி, வலது பக்கம் வலி?"

"தெரியலை, டாக்டர்."

பியூலா என்னைப் பார்த்தாள். அவளுக்கு அப்பாவைப் பற்றி எதுவும் தெரியாது. எனவே அவள் பார்த்ததற்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

திரும்பும்போது பஸ் கடையம் தாண்டியது. புளியமரங்கள். அப்பா விழுந்துகிடந்தது எந்த மரத்தடியில் என்று எனக்குத் தெரியாது.

ஜூலை 19

"உலகு, ஒரு சொட்டு ரத்தம் குடு."

"என்னது?"

"கிளாஸுக்கு."

"உனக்கு வேற ஆளே கிடைக்கலியாக்கா? கல்யாணப் பொண்ணு ரத்தம்தான் வேணுமா? மருதாணி வைக்கிற விரலு, குத்தாத."

"சுண்டுவிரல்ல குத்துதேன்."

"மாப்பிள்ளை கேட்டா என்ன சொல்ல? எங்க அக்கா வாம்பயர்னா?"

திட்டிக்கொண்டே நீட்டினாள். குத்தும்போது கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். அதனால் அவள் முகத்தை நிதானமாகப் பார்க்க முடிந்தது.

ஜூலை 20

உலகுவின் செல்கள் எல்லாவற்றிலும் பள்ளம் இருக்கிறது. ட்யூபும் கலங்கலாகவே இருந்தது. கண்ணாடிச் சில்லைக் கழுவாமல் வைத்துக்கொண்டேன். வெளியே வந்தபோது மலை திரும்ப வந்திருந்தது. அதன் மடிப்புகளில் புதிதாக வெள்ளைக் கோடுகள். அருவிகள்தான், சத்தம் எட்டாத தூரம்.

அவளுக்கு இல்லை. இதை இரண்டு தடவை எழுதலாம். அவளுக்கு இல்லை.

ஆனால் ஊர் இப்படிப் பிரித்துப் பார்க்குமா? ரத்தத்தில் கோளாறுள்ள குடும்பம் என்றுதான் கடையநல்லூரில் கேட்கும். யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதை மைக்ரோஸ்கோப் இல்லாத ஒருவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் மணையில் மாமா உட்காருவார்.

ஜூலை 22

அம்பாசமுத்திரம் போனேன். வீட்டில் பாளையங்கோட்டையில் ஒரு கருத்தரங்கு என்றேன்.

மில்லின் களம் பெரியது. அவித்த நெல்லின் வாசனை. அப்பா காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே நீளநீளமாக நடந்துகொண்டிருந்தார், பின்னால் வரிவரியாகக் கோடு விழுந்துகொண்டே வந்தது. என்னைப் பார்த்ததும் நின்றார். கோடும் நின்றது.

"வா தாயி. பஸ்ஸுலயா வந்த?"

"ஆமாப்பா."

"மானம் கருக்குது. அந்தத் தார்ப்பாய ஒரு பக்கம் பிடி, மூடிட்டுப் பேசுவோம்."

இரண்டு பேரும் நெல்லை மூடினோம். காற்று தார்ப்பாயை ஊதியது. ஒரு நிமிடம் அது எங்கள் இருவருக்கும் நடுவே பெரிய செல் போலப் புடைத்து நின்றது. அப்பா ஓரத்தில் கல்லைத் தூக்கி வைத்தார், அடங்கிவிட்டது.

"பத்திரிகை வந்துச்சு" என்றார். "பேரு நல்லாப் பெருசாத்தான் போட்டிருக்கு."

"அப்பா, ஒரு சொட்டு ரத்தம் வேணும்."

எதற்கு என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். "அன்னைக்கு ஊதிக் காட்டுன்னு யாராவது சொல்லியிருந்தா ஊதியிருப்பேன். ஒருத்தரும் சொல்லல. கண்ணப் பாத்தே முடிச்சிட்டாக. இப்ப நீ ரத்தம் கேக்க. எடுத்துக்கோ."

கையை விரித்து நீட்டினார். உள்ளங்கை நடுவில் ரூபாய் அகலத்துக்கு ஒரு பழைய தழும்பு, வழுவழுப்பாக. முன்பு இருந்ததா என்று நினைவில்லை. விரலைத் துடைத்துக் குத்தினேன். சில்லில் தடவினேன்.

"வலது பக்கம் வலி இப்பவும் வருதாப்பா?"

"வரும், போகும்." பிறகு, "வலது பக்கம்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

நான் பதில் யோசிப்பதற்குள் அவர் என் முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். பியூலா பார்த்தது போலவே பார்த்தார். ஆனால் அதைவிட நேரம் எடுத்துக்கொண்டார்.

"உனக்கும் வருதா, தாயி?"

பஸ் வருகிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ் வர அரை மணி நேரம் ஆனது. அவர் களத்து வாசலில் நின்றுகொண்டே இருந்தார்.

ஜூலை 24

குன்றிமணிகள். அதே அடர்ந்த சிவப்பு, அதே சின்ன வட்டங்கள். சில்லில் பெயர் எழுத மறந்துவிட்டேன். ஒரு கணம் எது என்னுடையது, எது அப்பாவுடையது என்று சொல்ல முடியவில்லை.

இதைப் பார்த்தபோது நினைத்ததை எழுதப் பார்க்கிறேன், சரியாக வரவில்லை. எனக்கு அவர் மூக்கு இல்லை, நிறம் இல்லை, நடை இல்லை. நான் அம்மா ஜாடை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அம்மாவின் வீட்டில், அம்மாவின் முகத்தோடு, அவர் உள்ளே உருண்டுகொண்டிருந்திருக்கிறார்.

ஆகஸ்ட் 1

பந்தல்காரர் வந்தார். சமையல்காரர் வந்தார். ஜாக்கெட் கை இறுக்கம், பிரித்துத் தைக்கக் கொடுத்தாயிற்று. எனக்குச் சுரண்டையிலிருந்து ஒரு வரன் வந்திருப்பதாக மாமா சொன்னார். உலகு கல்யாணத்தன்று மண்டபத்திலேயே அவர்கள் என்னைப் பார்த்துக்கொள்வார்களாம். தனியாகப் பெண் பார்க்கும் செலவு மிச்சம் என்று மாமாவுக்குச் சந்தோஷம்.

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. ஆற்றில் நிறையத் தண்ணீர். உலகுவும் நானும் மட்டும் படித்துறையில் கால் நனைத்து உட்கார்ந்திருந்தோம்.

"அக்கா, என் ரத்தத்துல என்ன பாத்த?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். என்னைப் பற்றியது, அப்பாவைப் பற்றியது, அவளுக்கு இல்லை என்பது. முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னதில் வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. தண்ணீர் சத்தத்தில் சிலதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

உலகு தண்ணீரிலிருந்து காலை எடுத்துக்கொண்டாள். பிறகு, "கல்யாணம் முடியட்டும்க்கா. பெறவு சொல்லு" என்றாள்.

"சரி."

"என்ன சரி? அப்பா மணையில இருக்கணும்னு எனக்கு ஆசை இருக்காதா? நான் என்ன கல்லா?"

"அப்ப அம்மாட்ட சொல்லவா?"

"சொன்னா கல்யாணமே நின்னுரும். உன்னைக் கட்டிக்கவும் ஒருத்தனும் வரமாட்டான்."

"அது பரவாயில்ல."

"உனக்குப் பரவாயில்ல, உனக்கு எல்லாமே பரவாயில்லதான்" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். படித்துறை மண்டபத்துப் பக்கம் யாரோ சித்திரான்னம் தின்றுகொண்டு எங்களைப் பார்த்தார்கள். அவளுக்காக நான் தண்ணீரை அள்ளி அவள் முகத்தில் அடித்தேன், ஆடிப்பெருக்கு விளையாட்டு போல. அவளும் என்மேல் அடித்தாள். நனைந்துபோய் வீட்டுக்கு வந்ததற்கு அம்மா இரண்டு பேரையும் திட்டினாள்.

ஆகஸ்ட் 9

அம்மா பத்திரிகை வைக்கக் கல்லூரிக்கு வந்தாள். முதல்வருக்கும் பியூலாவுக்கும் வைத்துவிட்டு, என் ஆய்வகத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். இத்தனை வருடத்தில் இப்போதுதான் கேட்கிறாள். ஸ்டூலில் உட்கார வைத்தேன்.

"இதுக்குள்ள என்ன தெரியும்?"

முதலில் வெங்காயத்தைக் காட்டினேன். "ஏளா, நம்ம தெரு மாதிரி இருக்கு" என்று ரசித்தாள். பிறகு பியூலாவின் சில்லை வைத்தேன். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. கை தானாக எடுத்து வைத்தது.

"மொதல்ல காட்டுனது வேற. இது ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கே" என்றாள். "பொட்டுப் பொட்டா. யாருது?"

"ஒண்ணு என்னது."

கண்ணை எடுக்காமல், "உனக்கு என்னளா?" என்றாள்.

சொன்னேன். மஞ்சள் எங்கிருந்து வருகிறது, கல் எப்படி அடைக்கும், வாந்தி ஏன் வரும். பாடம் நடத்துவது போலச் சொன்னேன், அப்படித்தான் சொல்ல முடிந்தது. பெற்றவரிடமிருந்து வருவது என்றும் சொன்னேன். இன்னொரு சில்லு யாருடையது என்று சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை.

அம்மா மைக்ரோஸ்கோப்பிலேயே கண்ணை வைத்திருந்தாள். பார்ப்பதை நிறுத்திவிட்டாள் என்பது தோளில் தெரிந்தது.

"அன்னைக்கு உங்க அப்பா சூடத்தை ஏத்தி உள்ளங்கையில வச்சு அணைச்சாக" என்றாள். "குடிக்கலன்னு. கை கொப்புளிச்சுது. நான் மருந்துகூட போடல."

பிறகு எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். "கல்யாணம் முடியுற மட்டும் இது வெளிய போகக்கூடாது. கேட்டியா?"

"சரிம்மா."

வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். "உனக்கு இப்ப வலிக்கா?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாத."

ஆகஸ்ட் 12

அம்மா தோசைக்கு உப்புப் போட மறந்தாள்.

ஆகஸ்ட் 16

அம்மா காலையில் எங்கேயோ போய்விட்டுச் சாயங்காலம் வந்தாள். பையில் புழுங்கலரிசி இருந்தது. "மில்லுல குடுத்தாக" என்றாள். உலகுவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அரிசியைப் புடைத்து டப்பாவில் கொட்டினோம். புது அரிசி, சோறு கொஞ்சம் குழைந்தது.

ஆகஸ்ட் 30

நேற்றுக் கல்யாணம்.

விடியும்போதே அப்பா வந்துவிட்டார். பழைய வேட்டி, புதுச் சட்டை, மடிப்புக் கலையாமல் இருந்தது. அவரை எங்கே உட்கார வைப்பது என்று மாமாவுக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை. சந்தனப் பேலா பக்கத்தில் நின்றுகொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் சந்தனம் நீட்டிக்கொண்டிருந்தார். நான் பூத்தட்டோடு பக்கத்தில் நின்றேன்.

மாப்பிள்ளையின் சித்தப்பா சந்தனத்தைத் தொட்டுக்கொண்டே அப்பாவின் கண்ணைப் பார்த்தார். "மேலுக்கு முடியலன்னாகளே! நல்லாத்தான இருக்கீரு? என்னவே சம்பந்தி, முகூர்த்தத்துக்கு முன்னாலயே ஆரம்பிச்சாச்சா?" என்று சத்தமாகச் சிரித்தார். கூட நான்கு பேர் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். பழகிய சிரிப்பு.

அம்மா கையில் செம்போடு மணையைத் தாண்டி வந்தாள்.

"அவுக குடிக்க மாட்டாக" என்றாள். குரலை உயர்த்தவில்லை, ஆனால் முன்வரிசை முழுக்கக் கேட்டது. "அது ரத்தத்துல உள்ளது. பிறவியில உள்ளது. அந்தா நிக்காளே, என் மூத்த மக, அவளுக்கும் இருக்கு. அவ கண்ணையும் வந்து பாருங்க. அவளும் குடிச்சிருக்காளா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சுரண்டைக்காரர்கள் மூன்றாவது வரிசையில் இருந்தார்கள். பூத்தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றேன். ட்யூபுக்குப் பின்னால் பிடித்த தாளைப் படிக்கிற மாதிரி எல்லோரும் என்வழியே பார்ப்பதாக இருந்தது. நாதஸ்வரம் மட்டும் நிற்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்தார். மெதுவாகக் கேட்டார்: "சின்னவளுக்கு?"

"இல்ல" என்றாள் அம்மா. "அக்காக்காரி பாத்துட்டா."

"நிச்சயமா?"

அப்போது நான் பேசினேன். "நானே பாத்தேன் அத்தை. அவளுக்கு இல்ல. எனக்குத்தான்."

அவர் என் கண்ணைப் பார்த்தார். பிறகு மணவறையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை கொழுந்து, "சித்தப்பா, வந்து உக்காருங்க. புகை கண்ண எரிக்கி, சீக்கிரம் முடிங்க" என்றார். சிலர் சிரித்தார்கள். வேறு மாதிரிச் சிரிப்பு. சித்தப்பா துண்டை உதறிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

மாமா மணையில் பாதி உட்கார்ந்திருந்தவர் எழுந்துகொண்டார். அப்பா உட்கார்ந்தார். உலகுவின் கையைத் தன் உள்ளங்கையில் வாங்கி மாப்பிள்ளையின் கையில் வைத்தார். அம்மா செம்பைச் சரித்தாள். தண்ணீர் அப்பாவின் கைவழியாக உலகுவின் கையிலும் மாப்பிள்ளையின் கையிலும் வழிந்து தட்டில் விழுந்தது. தட்டு நிறைந்து மணையில் வழிந்தது.

"போதும்மா" என்றார் ஐயர்.

அம்மா ஊற்றிக்கொண்டே இருந்தாள். செம்பு காலியான பிறகுதான் நிமிர்த்தினாள்.

செப்டம்பர் 4

இரண்டாமாண்டு வகுப்பில் சொன்னேன்: அன்றைக்குக் கரைசல் சரியாகத்தான் இருந்தது. அந்த வரியை அடித்துவிடுங்கள்.

"ரெக்கார்டுல அடிச்சா மார்க் போகும் மிஸ்" என்றாள் மகராசி.

"போகாது. பக்கத்துல நான் கையெழுத்துப் போடுதேன்."

"அப்ப காரணம்னு என்ன மிஸ் எழுத?"

கரும்பலகையில் இரண்டு வட்டங்கள் வரைந்தேன். ஒன்றின் நடுவில் மட்டும் பள்ளத்துக்கு நிழல் போட்டேன். சாக்பீஸ் தூள் பறந்து வெயிலில் மிதந்தது. பிறகு என்னிலிருந்தே ஆரம்பித்தேன்.

நவம்பர் 20

சுரண்டைக்காரர்கள் பிறகு பேசவில்லை. உலகுவை அவள் மாமியார் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் ஒரு தடவை ரத்தத்தைப் பரிசோதிக்க வைத்தார். இல்லை என்று வந்தது. அப்பா கல்யாணத்தன்று சாயங்கால பஸ்ஸிலேயே அம்பாசமுத்திரம் போய்விட்டார். அம்மா இருக்கச் சொல்லவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை வருகிறார், மதியம் சாப்பிட்டுவிட்டுப் போகிறார். போன மாதம் எனக்கு மண்ணீரலையும் பித்தப்பையையும் எடுத்தார்கள். உடைக்க மண்ணீரல் இல்லை, என் கண்ணில் மஞ்சள் போய்விட்டது. செல்கள் இன்னும் உருண்டையாகவே இருக்கின்றன. அப்பா தனக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டார். அவர் கண் மஞ்சளாகவே இருக்கிறது.